ஒரு குண்டான் மாவு

வீட்டுச் செலவைக் கட்டுக்குள் வைப்பதில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டி வைக்கும் ஒரு குண்டான் மாவுக்கு இணை தமிழ்நாட்டுச் சமையலறையில் வேறில்லை என்பேன். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். இதில் உளுந்துதான் விலை கூடியது. பொங்கப் பொங்க ஆட்டினால் சற்றுக் குறைத்தே போடலாம். அரிசியில் பாதி ரேஷன் புழுங்கலாக இருக்கட்டும். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அது விலையில்லாமலே கிடைக்கிறது.

என்னை வியக்க வைப்பது அந்த மாவின் போக்கு. பொங்கிய முதல் நாள் இட்லி. மீதி ஃபிரிட்ஜுக்குப் போய், அடுத்தடுத்த நாட்களில் தோசையாகும். புளிப்பு ஏறியதும் வெங்காயம், பச்சை மிளகாய் தூவி ஊத்தப்பம். அடியில் மிஞ்சியதில் கடுகும் கடலைப்பருப்பும் தாளித்துக் கொட்டினால் குழிப்பணியாரம். புளிப்பை மறைக்காமல் அதையே ருசியாக்கும் இந்த வரிசையை வகுத்த பெண்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்தால் மாலைக்கு உப்புமா ஆயிற்று. பிறகு கடையில் வாங்க வேண்டியது தொட்டுக்கொள்ள மட்டும்தான்: தேங்காய், தக்காளி, பொட்டுக்கடலை. தேங்காய் விலை ஏறிய வாரங்களில் எங்கள் வீட்டில் இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும்.