தொப்பி கேட்கிறதா?

தட்டையான மெல்லிய படலம் ஒலியெழுப்பும் பிளேனர் ஹெட்போன் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு மேல் ஸ்தாயியில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. தம்புராவின் ரீங்காரம், வயலின் வில்லின் உரசல், ஜாலராவின் சிதறல். இவற்றை யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் நான் இத்தனை எடையைத் தலையில் சுமப்பது மிருதங்கத்தில் தாழ்ந்த நாதம் எழுப்பும் பக்கமான தொப்பிக்காக. இன்னும் குறுக்கிச் சொன்னால், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பிக்காக.

மறுபக்கமான வலந்தலையை எதில் கேட்டாலும் ஓரளவுக்குக் கேட்டுவிடலாம். மீட்டும் சாப்பும் டவுன் பஸ் ஸ்பீக்கரில்கூட உயிரோடு வந்து சேரும். தொப்பி வராது. வந்தாலும் ‘தொம்’ என்று ஒரே மூட்டையாக வரும். ரவை ஒட்டிய அந்தத் தோலில் விரல்கள் விழுகிற கணம், அதன் பின்னால் எழும் நாதம், மணிக்கட்டின் அடிப்பகுதி தோலை அழுத்தி நகரும்போது அந்த நாதம் வழுக்கி மேலேறுவது, கடைசியில் அது அடங்குவது என்று கும்கி எனப்படும் அந்த ஒரே வீச்சுக்குள் நாலு கட்டம் உண்டு. சுமாரான ஹெட்போன் முதல் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டு மூன்றாவதை நம் ஊகத்துக்கு விட்டுவிடும். நல்ல பிளேனரில் நாதம் ஏறுகிற வழி முழுக்கக் கேட்கிறது. கை எங்கே நின்றது, தோலை எப்போது விட்டது என்பது வரை கேட்கிறது.

பழனி இடக்கையர். மற்றவர்களின் இடக்கை இருக்கும் இடத்தில் அவருடைய வலக்கை இருந்தது. அதனால்தான் அந்தக் கும்கி அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. இடக்கையர்கள் எல்லாரும் அப்படி வாசித்துவிடவில்லை. மேடையில் உட்காரும் வரிசையே மாற வேண்டியிருந்ததால் அவருக்குச் சங்கடங்கள் வந்தன. செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் உறுதியாக நின்றார். 1962இல் பழனி மறைந்தார். நமக்கு மிஞ்சியிருப்பவை மதுரை மணி ஐயர் போன்றவர்களோடு அவர் வாசித்த கச்சேரிகளின் ஒலிப்பதிவுகள். பெரும்பாலும் மோனோ. ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு மாறி மாறி, ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்துக்கொண்டு வந்தவை.

இந்த இரைச்சல் டேப்புகளுக்கு எதற்கு இவ்வளவு விலையுள்ள ஹெட்போன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. நன்றாகப் பதிவான இசையை எதிலும் கேட்டுவிடலாம். பழைய டேப்பில் தொப்பியின் நாதமும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் கீழ் ஸ்தாயியில் துல்லியமான கருவி வேண்டும். டேப்பின் உஸ் சத்தம் காதுக்குச் சீக்கிரமே பழகிவிடும். கீழே ஒன்றோடொன்று கலந்துபோன இரண்டு நாதங்களைப் பிரித்துப் பழகக் காதால் முடியாது.

பிளேனர்களில் யமஹா எச்பி-1 வந்தது 1976இல். மாரியோ பெல்லினியின் வடிவமைப்பு. இன்றைக்குப் பார்த்தாலும் அழகு. ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி ஸ்டூடியோக்களில் உழைத்தது, பிறகு வீட்டிலேயே பிரித்து மாற்றியமைப்பவர்களின் கைப்பொருளாயிற்று. ஆனால் கீழ் ஸ்தாயிக்காகவே பிளேனரைத் தேடி வரும்படி செய்தது ஆடிஸியின் எல்சிடி-2 என்பேன். சங்கர் தியாகசமுத்திரமும் அலெக்சாண்டர் ராசனும் 2008இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். 2023இல் சோனி அதை வாங்கிக்கொண்டது. எல்சிடி-2இன் மேல் ஸ்தாயி மங்கல் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகவே படவில்லை. தேய்ந்த டேப்பின் உஸ் சத்தத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தொப்பியை முன்னுக்குக் கொண்டுவரும் ஹெட்போன் அது.

சென்ஹைசர் எச்டி 600, 650 ரசிகர்களோடு எனக்குப் பல வருட வாக்குவாதம் உண்டு. குரலுக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை என்பார்கள். மணி ஐயரின் குரலுக்கு ஒப்புக்கொள்கிறேன். எம்.டி. ராமநாதன் கீழே இறங்கும்போது மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் மந்தரத்தில் நிற்கும் இடத்தில் எச்டி 650 குரலை ஒரு சுற்றுத் தடிக்க வைக்கிறது. அதற்கும் கீழே போனால் மெல்லக் கைவிடுகிறது. எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் செய்யும் ஸ்டாக்ஸின் பக்தர்கள் வேறு வகை. அவர்களுடைய கருவியில் கும்கியின் வடிவம் அப்பழுக்கில்லாமல் வருகிறது. கை விழுந்த கனம்தான் வருவதில்லை.

ஓப்பன்-பேக் ஹெட்போனோடு நம் ஊரில் குடித்தனம் நடத்துவது சீலிங் ஃபேனோடு நடத்தும் சமாதானப் பேச்சுதான். உள்ளே இருப்பது வெளியே போகிறது, வெளியே இருப்பது உள்ளே வருகிறது. ஃபேனின் தாழ்ந்த இரைச்சல் சரியாகத் தொப்பியின் மேல் வந்து உட்காரும். மே மாதத்தில் ஃபேனை அணைத்தால் வியர்வை பேடில் ஊறும். மற்ற மாதங்களில் விடியற்காலை நேரத்தில் ஃபேன் இல்லாமல் கேட்டுவிடலாம். கோடையில் கச்சேரியைத் தனி ஆவர்த்தனத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அறையில் இன்னொருவர் படித்துக்கொண்டிருந்தால் ஓப்பன்-பேக்கை எடுக்கவே கூடாது. சத்தம் குறைவாக வைத்தாலும் அவர்கள் காதில் விழுவது வெறும் கீச்சுக்கீச்சு, அது அவர்களுக்கு ஒரு தண்டனை.

இப்போது கோளாறுகளுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பிளேனரில் வரும் புகார்களில் பெரும்பங்கு பேடைப் பற்றியவை. புகார் சொல்பவர்தான் வேறு எதையோ குற்றவாளியாக நிறுத்துகிறார். ‘பேஸ் இல்லை, பெரிய ஆம்ப் வாங்கலாமா?’ என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஹைஃபைமேன் எச்இ-6 போல 83.5 டெசிபல் உணர்திறன் உள்ள ஒன்றை வைத்திருந்தால் வாங்கத்தான் வேண்டும். மற்றபடி பிளேனரின் மின்தடை கீழிருந்து மேல் வரை ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது. ஆம்பை மாற்றினால் சத்தம் கூடலாம். தொப்பி மட்டும் தனியாகக் கூடாது. செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கும்கி நிறைய உள்ள ஒரு பகுதியை ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெல்லக் கன்னத்தோடு சேர்த்து அழுத்துங்கள். கிரில்லை மூடாமல் விளிம்பை மட்டும். தொப்பி திடீரென்று எழுந்து வந்தால், பேடுக்கும் கன்னத்துக்கும் இடையில் காற்று கசிகிறது.

கசிவுக்கு முதல் காரணம் மூக்குக்கண்ணாடி. தடித்த ஃபிரேமின் கை பேடை உயர்த்தி, காதுக்குப் பின்னால் ஒரு சந்து விட்டுவிடும். படலத்தின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் அந்தச் சந்தில் சந்தித்தால் கீழ் ஸ்தாயியில் ஒன்றையொன்று தின்றுவிடும். கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைப்பது உத்தமம். முடியாதவர்கள் மெல்லிய உலோகக் கை உள்ளதாக ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்த காரணம், உள்ளே இருக்கும் நுரை அமுங்கிப்போவது. இது மெதுவாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. காது மடல் உள்ளே துணியில் முட்ட ஆரம்பித்துவிட்டால் பேடின் ஆயுள் முடிந்தது. செயற்கைத் தோல் நம் ஈரக்காற்றில் தோலுரிந்து கழுத்தில் கறுப்புத் துகளாக ஒட்டும். அது அழகுக் குறை மட்டுமில்லை, உரிந்த இடத்திலெல்லாம் கசிவு. கேட்டு முடித்ததும் பேடை உலர்ந்த துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டியில் வையுங்கள்.

மாட்டும்போது ‘மொறுக்’ என்று ஒரு பக்கம் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று மெல்லிய படலத்தைத் தள்ளும் சத்தம் அது. ஆனால் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதும், ‘பட்’டென்று பிடுங்கிக் கழற்றுவதும் படலத்தை வருத்தும். கீழ் விளிம்பை முதலில் விலக்கிக் காற்றை உள்ளே விட்டபிறகு கழற்றுங்கள்.

தொப்பி விழும்போது மட்டும் ‘ர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் கேட்டால் வேறு கதை. டிரைவர் போயிற்று என்று பதறுவார்கள். பெரும்பாலும் ஒரு முடிதான். பேடின் உள்துணி வழியாக நுழைந்து படலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேடைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். இரும்பு இடுக்கி கூடவே கூடாது. உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தம் அதைக் கையிலிருந்து பறித்துப் படலத்தின் மேலேயே இழுத்துக்கொள்ளும். இதே காரணத்துக்காக ஊக்கு, நகவெட்டி, ஆணி கிடக்கும் மேஜையில் ஹெட்போனைக் கவிழ்க்கக் கூடாது. டஸ்டர் டப்பாவின் காற்றும் வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டாம்.

மற்றக் கோளாறுகளுக்கு மோனோ டேப்பே மருத்துவர். மணி ஐயரின் குரல் நெற்றிக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பிப் போடுங்கள். சாய்வு அதே காதில் நின்றால் காரணம் உங்கள் காதோ, அந்தப் பக்கத்துக் கன்னத்தில் பேட் உட்காரும் விதமோ. ஹெட்போனோடு சேர்ந்து சாய்வும் மாறினால், கேபிளின் இரண்டு முனைகளையும் கப்பில் மாற்றிச் செருகுங்கள். அப்படியும் அதே கப் மங்கலாக இருந்தால்தான் டிரைவரைச் சந்தேகிக்கலாம். பல சமயம் பின் முழுதாக உள்ளே போகாமல் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றிருக்கும். வால்யூம் குமிழ் அடித்தளத்தில் இருக்கும்போது மட்டும் சாய்ந்தால் அது குமிழின் குணம். ஆம்பில் கெயினைக் குறைத்துவிட்டுக் குமிழைப் பாதிவரை ஏற்றிக் கேளுங்கள். குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவலாக, இடமே சொல்ல முடியாதபடி கேட்டால், கேபிளில் ஒரு பக்கம் நேர் எதிர் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். முனகல் சத்தம் வந்தால் பாட்டை நிறுத்திப் பாருங்கள். பாட்டோடு நின்றால் அது டேப்பில் இருப்பது, மரியாதையாக விட்டுவிடலாம். நிற்காவிட்டால் எர்த் இல்லாத பிளக்கையோ லேப்டாப் சார்ஜரையோ தேடுங்கள்.

இவ்வளவும் செய்து காதைத் தயார்படுத்திக்கொண்டு இன்றைய கச்சேரி ஒன்றுக்குப் போனால் மனசு விட்டுப்போகிறது. தொப்பியின் வாயருகே மைக், அதற்குப் பின்னால் வூஃபர். கும்கி நெஞ்சில் இடிக்கிறது, காதுக்கு ஒன்றும் வருவதில்லை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கையே வேண்டாமென்று மறுத்தவர். அப்போது அதைப் பிடிவாதம் என்று சிலர் நினைத்திருக்கலாம். இப்போதைய சபா ஸ்பீக்கர்களைக் கேட்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தப்படுத்துகிறோம் என்று கிளம்புபவர்கள் செய்வது இன்னும் வேதனை. உஸ் சத்தத்தைத் துடைக்கும் மென்பொருள் அதோடு கும்கியின் நாலாவது கட்டத்தையும், அந்த அடங்கலையும் துடைத்துவிடுகிறது. பிறகு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி வைக்கிறார்கள். சுத்தம் செய்யாத பிரதி உங்களிடம் இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.

ஆறுதலும் இருக்கிறது. பழனியின் சீடர் திருச்சி சங்கரன் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். அவருடைய வாசிப்பு நல்ல ஸ்டீரியோவில் கிடைக்கிறது. குருவின் டேப்பையும் சீடரின் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துப் பிளேனரில் போட்டுக் கேட்டால், மோனோவில் மங்கலாக விழுந்த ஒரு கும்கி என்னவாக இருந்திருக்கும் என்பதற்குச் சாட்சி கிடைக்கிறது. புதுப் பேட் மாட்டியதும் நான் போடுவது இந்த ஜோடியைத்தான்.

பேட் என்றதும் இன்னொன்று. சரிவு வைத்த பேடில் தடித்த பக்கம் காதுக்குப் பின்னால் வர வேண்டும். சிலவற்றில் கொக்கி வளையம், சிலவற்றில் பசை. பசையானால் பழைய பிசினை முழுக்க எடுத்துவிட்டு ஒட்டுங்கள், மீந்த மேடு அதே கசிவைத் திரும்பக் கொண்டுவரும். வேறு வகைப் பேட் மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். துளையிட்ட தோலும் வெல்வெட்டும் கோடைக்குச் சுகம், தொப்பிக்குப் பகை. அசல் அளவிலேயே வாங்குங்கள், இரண்டு ஜோடியாக. அந்த மாடலை நிறுத்தினால் பேடும் கூடவே நின்றுவிடுகிற காலம் இது. புது நுரை இறுகலாக இருப்பதால் முதல் சில நாள் தொப்பி கொஞ்சம் மெலிந்து கேட்கும். கன்னத்தின் வடிவுக்கு அது படிந்த பிறகு ஆம்பைப் பற்றி யோசிக்கலாம்.