துக்கத்தை ஒளித்துவைக்கும் கதைகள்

வேலை நிமித்தம் கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனுக்கு வந்து குடியேறிய தமிழர்களிடையே புத்தகம் கைமாறும் நல்ல வழக்கம் இருக்கிறது. சில வருஷங்களாகக் கைமாறுவதெல்லாம் பெரும்பாலும் சைக்கலாஜிக்கல் திரில்லர்தான். ஒரு சாவு, வாய்திறக்காத ஒரு குடும்பம், யாரும் எதிர்பாராத முடிவு. "இலக்கியக்காரர்கள் துக்கத்தைப் பற்றி எழுதினால் நூறு பேர் படிக்கிறார்கள். திரில்லர்காரர்கள் எழுதினால் லட்சம் பேர் படிக்கிறார்கள். அதில் உங்களுக்கு என்ன சார் வருத்தம்?" என்று நியூ டவுனின் ஆக்‌ஷன் ஏரியா ஒன்றில் வசிக்கும் நண்பர் கேட்டார். அவர் கையில் இருந்தது அலெக்ஸ் மைக்கேலிடீஸின் 'தி சைலன்ட் பேஷன்ட்' (2019). துணைக்கு அவர் அழைத்தது இந்த ஊர்ப் படமான 'கஹானி'யை (2012). இரண்டின் முடிவும் ஊரறிந்த சங்கதி. அதைத் தொடாமல் என் வருத்தத்தைச் சொல்ல முடியாது.

இரண்டும் திறமையான வேலைகள், மறுக்கவில்லை. 'கஹானி'க்காகச் சுஜோய் கோஷுக்குத் திரைக்கதைக்கான தேசிய விருது கிடைத்தது. கொல்கத்தாவின் சந்துகளையும் பூஜை நாட்களின் நெரிசலையும் அப்படிக் காட்டிய இந்திப் படங்கள் குறைவு. மைக்கேலிடீஸின் நாவலைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. நண்பர் சொல்வதில் அவ்வளவும் சரி.

என் மறுப்பு ஒன்றுதான், பல வருஷமாக மனதில் இருப்பது. துக்கத்தைக் கடைசிப் பக்கத்துத் திருப்பமாக வைக்க வேண்டுமென்றால், அதுவரை துக்கப்படுபவரைத் துக்கப்பட விடக் கூடாது. கதையின் சூட்சுமமே அந்த மனிதரின் மனதை நம்மிடமிருந்து மறைப்பதில்தான் இருக்கிறது. மனதைப் பற்றிய நாவல் என்று பெயர். மூடிவைத்திருப்பதும் அதே மனதைத்தான்.

'சைலன்ட் பேஷன்ட்'டில் ஓர் இடம் இருக்கிறது. கார் விபத்தில் தாய் இறந்துபோகிறாள். உடன் இருந்த சிறுமி அலிசியா, பின்னாளில் கணவனைக் கொன்றுவிட்டு வாய்திறக்காமல் போகும் அந்த நோயாளி, பிழைத்துக்கொள்கிறாள். மகள் கூரைமேல் உட்கார்ந்திருப்பது தெரியாமல், மனைவிக்குப் பதில் இவள் செத்திருக்கக் கூடாதா என்று அப்பா புலம்புவது அவள் காதில் விழுகிறது. ஒரு குடும்பத்தின் துக்கமும் இரகசியமும் அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அந்தப் பெண் மறுநாள் காலை அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டாள்? தன் வார்த்தையை அவள் கேட்டுவிட்டாள் என்பது அப்பாவுக்கு என்றாவது தெரிந்ததா? நாவல் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. அந்த நிமிஷம் பின்னால் நடக்கும் கொலைக்கு ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டு நகர்ந்துவிடுகிறது. ஏனென்றால் ஆசிரியருக்கு அவசரமான வேறு வேலை இருக்கிறது: காலண்டரை ஒளித்துவைப்பது. கதை சொல்லும், அலிசியாவுக்கு உளச்சிகிச்சை தரும் தியோ தன் மனைவியின் கள்ள உறவைக் கண்டுபிடிக்கும் பகுதி இப்போது நடப்பதுபோல வருகிறது. உண்மையில் அது பல வருஷங்களுக்கு முந்தையது. அந்தக் கள்ளக் காதலன் அலிசியாவின் கணவன் கேப்ரியல். கொலை நடந்த இரவு அவர்கள் வீட்டுக்குள் புகுந்தவன் தியோ.

இந்த வித்தை பலிக்க என்ன விலை என்று பாருங்கள். தியோ தன் வாயாலேயே தன் கதையைச் சொல்கிறான். தன்னால் வாழ்க்கை அழிந்த பெண்ணுக்கு எதிரே திரும்பத் திரும்ப உட்காருகிறான். அவள் முகத்தைப் பார்க்கும்போது அந்த இரவு அவனுக்கு நினைவுக்கு வர வேண்டாமா? வந்தால் குட்டு உடைந்துவிடும், அதனால் வரவில்லை. மறுவாசிப்பில்தான் ஆழம் தெரியும் என்கிறார் நண்பர். நானும் மறுபடி படித்தேன். எந்தப் பக்கத்தில் ஆசிரியர் ஏமாற்றினார் என்று சரிபார்க்க முடிந்தது; அழ முடியவில்லை.

'கஹானி'யிலும் இதே கணக்குதான். காணாமல்போன கணவனைத் தேடும் கர்ப்பிணியாக வித்யா வருகிறாள். கணவன் ஏற்கெனவே மெட்ரோ விஷவாயுத் தாக்குதலில் இறந்துவிட்டான், கருவும் கலைந்துவிட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறார்கள். போலீஸிடம் அவள் நடிப்பது நியாயம். விடுதி அறையில் தனியாக இருக்கும்போது அவள் யாரை ஏமாற்ற வேண்டும்? நம்மைத்தான். ஆகவே அங்கேயும் அவள் மனது நமக்குத் திறப்பதில்லை. இரண்டு இழப்புகளுக்கும் சேர்த்து அழ அவளுக்குக் கிடைப்பது முடிவில் சில நிமிஷங்கள். கொட்டகையில் அப்போது மேலோங்கி நிற்பது "அடடா, ஏமாந்துபோனோமே" என்ற குதூகலம்.

திருப்பம் இல்லாத துக்கமும் உண்டு. எங்கள் அடுக்ககத்தில் நாங்கள் மாசிமா என்று அழைக்கும் ஒரு வங்காளி அம்மா இருக்கிறார். காலமாகிவிட்ட கணவர் பெயரிலேயே இன்னும் மெயின்டெனன்ஸ் பில் வருகிறது. பெயர் மாற்றும் படிவத்தோடு மாசிமா அலுவலகம் வரை போவார், கொடுக்காமலே திரும்பிவிடுவார். இதில் எந்த மர்மமும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் லிஃப்டில் அவர் கையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தால் யாரும் பேசுவதில்லை.

தெரிந்த துக்கம் கதையைத் தொய்யவைத்துவிடும் என்ற பயம் வீண். தாகூர் 1895-இல் எழுதிய 'நிசீதே'யைப் படித்தவர்களுக்கு இது தெரியும். நள்ளிரவில் ஜமீன்தார் தட்சிணாசரண் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். நோயாளி மனைவி படுக்கையில் இருக்கும்போதே, அவளுக்கு வைத்தியம் பார்த்த வேறொரு டாக்டரின் மகள் மனோரமாமீது ஆசை கொண்டவர் அவர். வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து, யார் அது என்று மனைவி கலங்கிப்போய்க் கேட்டாள். பிறகு விஷமருந்தைக் குடித்து இறந்தாள். இப்போது பரானகர் தோட்டத்திலும் பத்மா ஆற்று மணல்திட்டிலும் அவருக்குக் கேட்பது அந்தக் கேள்விதான். குற்றவாளி யார் என்பதில் மறைப்பே இல்லை, அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். தியோவுக்கு நினைவே வருவதில்லை. இவருக்கு நினைவு ஓய்வதில்லை. எது மனதைப் பற்றிய கதை?

நம் மொழியில் 'அம்மா வந்தாள்' (1966) இருக்கிறது. அலங்காரத்தம்மாளுக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவு தண்டபாணிக்குத் தெரியும், வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரியும். வேதபாடசாலையிலிருந்து திரும்பும் அப்புவுக்குத்தான் தெரியாது. அவனுக்கும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நாவல் இறுகுகிறது. குடும்ப இரகசியம் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. எல்லோருக்கும் தெரிந்து, யாரும் பேசாத விஷயம். தி. ஜானகிராமனுக்கு அது தெரிந்திருந்தது.

திருப்பக் கதைகள் நம் கண்ணையும் பழக்கிவிடுகின்றன. 2015 ஜூனில் கொல்கத்தா ராபின்சன் தெருவில் ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். விசாரிக்கப் போன போலீஸ், அவர் மகன் இறந்துபோன அக்காவின் எலும்புக்கூட்டோடு வாழ்ந்துவந்ததைக் கண்டது. அவளுக்குச் சாப்பாடும் வைத்துவந்திருக்கிறான். சாவை ஏற்க முடியாத ஒரு மனம் அது. பத்திரிகைகளோ 'திகில் வீடு' என்று பெயர் வைத்து, நாள்தோறும் அடுத்த மர்மத்தைத் தேடின.

நியூ டவுனில் திரில்லர் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். யார் இறந்தார், யாரால் இறந்தார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்குமேல் எழுத உங்களிடம் ஏதாவது மிஞ்சினால் அதை எழுதுங்கள், நான் முதல் ஆளாக வாங்கிப் படிக்கிறேன்.