வெள்ளைப் பீங்கானும் சாம்பல் கோடுகளும்

பழைய பிராசஸர்களைச் சேகரிப்பவர்கள் ஆசையோடு தேடும் சிப் இன்டெல் சி4004. வெள்ளைப் பீங்கான் உடல், பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு கால்கள், நடுவில் தங்க நிற மூடி. விளக்கடியில் சற்றே சாய்த்துப் பார்த்தால், மூடியிலிருந்து கால்களுக்கு ஓடும் இணைப்புகள் பீங்கானுக்குள் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரியும். பிறகு வந்த வெள்ளைச் சிப்புகளில் அந்தக் கோடுகள் கண்ணில் படுவதில்லை. கோடு தெரிகிற சிப்புக்கு இன்று தனி விலை.

1969இல் ஜப்பானின் புசிகாம் நிறுவனம் தன் கால்குலேட்டருக்காகப் பல சிப்புகள் கேட்டு இன்டெலிடம் வந்தது. நான்கே சிப்புகளில் முடிக்கலாம் என்று டெட் ஹாஃப் வழி சொன்னார். ஸ்டான் மேஸர் அவருக்குத் துணை நின்றார். ஃபெடரிகோ ஃபாஜின், புசிகாமின் மசடோஷி ஷிமாவோடு உழைத்து அதைச் சிலிக்கானில் கொண்டுவந்தார். அந்த நான்கில் ஒன்றாக 1971 நவம்பரில் விற்பனைக்கு வந்த 4004இல், விரல் நகத்தைவிடச் சிறிய சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதன் ஓரத்தில் ஃபாஜின் தன் பெயரின் முதலெழுத்துகளையும் பொறித்திருக்கிறார். ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்திடும் அதே உரிமை அது!

இதே 4004 பிளாஸ்டிக் உடலிலும் வந்தது. செய்யும் கணக்கு ஒன்றுதான். விலையோ மலைக்கும் மடுவுக்கும். சேகரிப்பாளர் தேடுவது, பிறந்த காலத்தின் தடயம் உடலிலேயே தெரியும் சிப்பை. மாஸ் டெக்னாலஜி 1975இல் 25 டாலருக்கு விற்ற 6502ஐப் பாருங்கள். தொடக்ககாலச் சிப்புகளில் பிட்டுகளை வலப்பக்கம் சுழற்றும் கட்டளை வேலை செய்யாது. அன்றைக்குக் குறை, இன்றைக்கு அதுவே அரிய அடையாளம். சிப்பின் மேல் 7540 என்று அச்சிட்டிருந்தால் 1975ஆம் ஆண்டின் 40ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். இந்த நான்கு இலக்கத்தை வாசிக்கப் பழகுவதுதான் ரசனையின் அரிச்சுவடி.

நாளைக்கு எதற்கு விலை ஏறும்? 1995இல் வந்த பென்டியம் ப்ரோ ஒரு நல்ல பாடம். பீங்கான் உடலில் தங்கம் கூடுதலாக இருப்பதால் பழைய இரும்புக்கடைக்குப் போனவை ஏராளமாக உருக்கப்படுகின்றன. உருக்க உருக்க, மிஞ்சியவை அரிதாகின்றன. லட்சக்கணக்கில் விற்ற சாதாரண 486 பிராசஸருக்கு அவ்வளவு வேகமாக மதிப்பு கூடாது. ஆனால் விற்பனைக்கு முன் பரிசோதனைக்கென்று அனுப்பிய மாதிரிச் சிப்புகளை இப்போதே எடுத்து வைக்கலாம். அவை தொடக்கத்திலேயே சொற்பம்.

மேல் அச்சை உரசி எடுத்து, புது எண் குத்தி விற்கும் போலிகளும் சந்தையில் உண்டு. எழுத்தின் அழுத்தத்தையும் மேற்பரப்பின் சொரசொரப்பையும் லென்ஸில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கறுத்த கால்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது, முலாம் போய்விடும். பழைய கறுப்பு நுரையில் குத்தி வைத்தவற்றை உடனே மாற்றுங்கள். நுரை சிதைந்து கால்களை அரித்துவிடும்.

லாபத்தை மட்டும் கணக்குப் போட்டு இறங்குகிறவர் விலை இறங்கும்போது சோர்ந்துவிடுவார். சாம்பல் கோட்டையும் வார எண்ணையும் வாசிக்கத் தெரிந்தவருக்கு, விலை ஏறுவதற்கு முன்பே எது அரியது என்று தெரிந்துவிடும்.