பரோட்டா மாஸ்டரின் சம்பளம் ஏறியதா?

தமிழ்நாட்டுப் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் சேவைத் துறை. ஹோட்டல், ஜவுளிக்கடை, லாரி, ஆஸ்பத்திரி, பியூட்டி பார்லர், ஐ.டி. எல்லாமே இதில் அடக்கம். சரி, இந்தத் துறையில் போன வருஷத்தைவிட இந்த வருஷம் சம்பளம் ஏறியிருக்கா? இதற்குப் பதில் தேடினால் பெரும்பாலும் கையில் கிடைப்பது ஒரு சராசரி. அந்தச் சராசரியோடுதான் எனக்குப் பிரச்சினை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஹோட்டலில் பத்து பேர். இரண்டு மேனேஜருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய், எட்டு சர்வருக்கு ஆளுக்கு 12,000 ரூபாய். சராசரி 17,600. மூன்று சர்வர்கள் நின்றுவிடுகிறார்கள். யாருக்கும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் இப்போது சராசரி 20,000. கிட்டத்தட்ட 14 சதவீத உயர்வு! எட்டு பேர் வேலையை ஐந்து பேர் செய்கிறார்கள் என்பது அந்த எண்ணில் எங்கேயும் தெரியாது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஹோட்டல், உணவகத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலை இழந்தார்கள். அதே மாதம் அந்நாட்டின் சராசரி மணிக்கூலி 4 சதவீதத்துக்கு மேல் ஏறியது. குறைந்த சம்பளக்காரர்கள் கணக்கைவிட்டே வெளியே போனதுதான் காரணம்.

நம் நாட்டில் 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு (சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ்.) வேலை பற்றி நிறையச் சொல்கிறது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அது உழைப்பவர்களை மாதச் சம்பளக்காரர், தினக்கூலி, சுயதொழில் என்று மூன்று பெட்டிகளில் போடுகிறது. முதல் பெட்டிக்கு மாத வருமானம், இரண்டாவதற்கு ஒரு நாள் கூலி, மூன்றாவதற்குக் கடந்த 30 நாள் வருமானம். ஹோட்டல் சர்வர் ஒருவர் பைக் வாங்கி உணவு டெலிவரிக்குப் போனால், அநேகமாக முதல் பெட்டியிலிருந்து மூன்றாவதற்குத் தாவிவிடுவார். சம்பளக் கணக்கில் அவர் இனி இல்லை. இந்த மாற்றத்தில் அவருக்கு லாபமா நஷ்டமா என்று மூன்று பெட்டிகளின் சராசரியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்குச் சரியான வழி நம்மிடமே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. மத்திய அரசின் லேபர் பீரோ கூலி விகிதக் குறியீட்டெண் என்று ஒன்றை வெளியிடுகிறது. குறிப்பிட்ட வேலைகளை எடுத்துக்கொண்டு, அதே வேலைக்கு ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் என்ன கூலி என்று பார்க்கும் முறை. ஆட்கள் வந்தாலும் போனாலும் ஒப்பீடு குழம்பாது. 1963-65-ஐ அடிப்படையாக வைத்திருந்த பழைய தொடரை 2021-இல் புதுப்பித்து, 2016-ஐ அடிப்படை ஆண்டாக்கினார்கள். 21 தொழில்கள் 37 ஆயின. உற்பத்தி, சுரங்கம், தோட்டம் மூன்றும் உண்டு. சேவைத் துறையிலிருந்து ஒன்றுகூட இல்லை! தேயிலை பறிப்பவரின் கூலிக்கு உள்ள குறியீட்டெண் டீக்கடை மாஸ்டரின் கூலிக்குக் கிடையாது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி, சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து வருஷா வருஷம் ஏப்ரலில் மாறுகிறது. விலைவாசியை மாதாமாதம் அளக்கிறோம், சட்டப்படி தரவேண்டிய கூலியையும் அதற்கேற்ப ஏற்றுகிறோம். கடையில் கைக்கு வரும் கூலி கூடவே ஏறியதா என்று அதே ஒழுங்கோடு அளப்பதில்லை. நாளைக்கு ஜவுளிக்கடை ஊழியர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால் காட்ட அவர்களிடம் எண் இருக்காது. எதிர்ப்பக்கம் ஒரு சராசரியை நீட்டினால் மறுக்கவும் முடியாது.

செய்யவேண்டியது பெரிய காரியமும் இல்லை. சர்வர், பரோட்டா மாஸ்டர், சேல்ஸ்மேன், செக்யூரிட்டி, நர்ஸ், டிரைவர் என்று ஒரு இருபது வேலைகள். சென்னை, கோவை, மதுரை, திருநெல்வேலி மாதிரி சில ஊர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரே கேள்வி. சாப்பாடு, தங்குமிடம், பேட்டா, வேலை நேரம் இவற்றைத் தனித்தனிக் கட்டத்தில் குறிக்கவேண்டும். மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு 500 ரூபாய் ஏற்றிக் கொடுத்தால் அது சம்பள உயர்வு ஆகாது. மாநிலப் புள்ளியியல் துறை நினைத்தால் இதைத் தொடங்கலாம்.