தையல் இயந்திரத்தின் அடிப்பக்கம்

இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தி, தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924இல் சாந்திநிகேதன் மாணவர் ராமச்சந்திரனுடன் நடந்த உரையாடலில் சிங்கர் மிஷினைப் பற்றி ஒரு கதையும் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைக் கண்ட சிங்கர், அவள்மீது கொண்ட அன்பால் அந்த இயந்திரத்தை உருவாக்கினார் என்பது கதையின் சாரம்.

கதை இதமானதுதான். ஆனால் அதில் அந்த மனைவிக்கு என்ன வேலை? களைப்பது, கணவன் கண்ணில் படுவது, பரிசை வாங்கிக்கொள்வது. தைப்பதில் எது கடினம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதாகக்கூட இல்லை.

வரலாறு வேறுவிதமானது. ஐசக் சிங்கர் நாடக நடிகர். இயந்திர வேலையும் தெரிந்தவர். பல பெண்களுடன் குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையானவர். 1850இல் பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில், வேறு இருவர் வடிவமைத்த, அடிக்கடி பழுதான ஒரு தையல் இயந்திரத்தைப் பார்த்தார். அதன் குறைகளைத் திருத்தி, 1851இல் தன் பெயரில் காப்புரிமை பெற்றார். ஆக, சிங்கர் மிஷின் பிறந்தது மனைவியின் களைப்பிலிருந்து அல்ல, ஒரு பழுதுபார்ப்பிலிருந்து.

ஓர் ஆண் இயந்திரத்தைத் திருத்திக் காப்புரிமை வாங்கினால் அது கண்டுபிடிப்பு. கடைத்தெருவில் ஒருவர் கூலிக்குத் திருத்தினால் அது தொழில். வீட்டில் ஒரு பெண் திருத்தினால் அதற்குப் பெயரே இல்லை. 'மிஷினை நல்லா வச்சிருக்கா' என்ற பாராட்டோடு முடிந்துவிடும். செயல் ஒன்று, பெயர்கள் வேறு. பெயர் மாறும்போது கூலியும் மதிப்பும் மாறுகின்றன.

இந்தப் பெயரிடும் அரசியல் நமக்கும் புதிதல்ல. கணவர் இல்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை, மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாக்குகிறார் நற்றிணையில் கபிலர். புகார் நகரத்தில் துணி தைத்தவர்களைச் சிலப்பதிகாரம் துன்னகாரர் என்கிறது. நகரத்தில் தைத்தவருக்குத் தொழிலால் பெயர். நூற்றவளுக்கோ அவளிடம் இல்லாத ஆணால் அடையாளம்.

அந்த அடையாளம் இன்னும் அழியவில்லை. தமிழ்த் திரைப்படத்தில் ஒரு வீட்டில் தையல் மிஷினைக் காட்டினால், புருஷன் இறந்துவிட்டான் அல்லது ஓடிவிட்டான் என்று நாமே புரிந்துகொள்கிறோம். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலிலும் விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள் வருகிறார்கள். அந்த மிஷினால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அதை எள்ளி நகையாட முடியாது. ஆனால் திட்டத்துக்குப் பெயர் தந்தவர், அமைச்சராக இருந்தவர், தலித் மக்களின் உரிமைக்காக 1974இல் தனிக் கட்சி கண்டவர். அவர் பெயரில் வழங்கப்படும் கருவி, பெண்ணை இன்னும் பெற்றுக்கொள்பவளாகவே நிறுத்துகிறது. விண்ணப்பத்தோடு தையல் தெரிந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். மிஷினைத் திறக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

பழைய மிஷினோடு வந்த சிறு பெட்டியைத் திறந்து பாருங்கள். ஊசி, பாபினுடன் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எண்ணெய்க் குப்பியும் இருக்கும். எந்தெந்தத் துளையில் எண்ணெய் விட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டும் கையேடும் இருக்கும். தைப்பவளே திறப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் இவற்றை வைத்தார்கள். பெண்ணுக்கு இயந்திரம் புரியாது என்ற எண்ணம் மிஷினோடு வந்ததல்ல. வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

என் அம்மாவின் மிதி மிஷின் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. சக்கரம் அசையவில்லை. துருப்பிடித்துவிட்டது, பழைய இரும்புக்குப் போடு என்றார்கள். இப்படி இறுகிய மிஷின்களில் பெரும்பாலும் குற்றவாளி துரு அல்ல, பிசினாகிப்போன பழைய எண்ணெய். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் இன்னும் மோசம். துளைதோறும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு விட வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அசையத் தொடங்கியதும் அழுக்கைத் துடைத்துவிட்டு மிஷின் ஆயில் விட வேண்டும். ஊசித்தகட்டைக் கழற்றியபோது, துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில் பஞ்சு கம்பளிபோல் அழுந்தியிருந்தது: சீருடை நீலம், பாவாடைச் சிவப்பு, திரைச்சீலைப் பச்சை. அம்மா தைத்ததற்கு வேறு கணக்குப் புத்தகம் கிடையாது.

மற்றப் பழுதுகளும் படிக்கத் தெரிந்தால் பிடிபடுபவைதான். துணிக்கு அடியில் நூல் சிக்கிக் கூடு கட்டினால் எல்லாரும் பாபினைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும்: மேல்நூல் டென்ஷன் தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்காது. பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்தால் தகடுகள் விலகும். அப்போது நூலை மறுபடி கோக்க வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கலாம், அல்லது அதன் தட்டைப் பக்கம் மாறியிருக்கலாம். மிதித்தும் சக்கரம் வழுக்கினால் தோல் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சிறிது நறுக்கிக் கொக்கி போட்டால் சரியாகும். அடியில் தெரியும் கோளாறுக்கு மேலே காரணம் தேடும் இந்தப் பழக்கம் தையலுக்கு வெளியிலும் நமக்கு வேண்டியது.

ஏற்கெனவே வீட்டு வேலை அத்தனையும் பெண் தலையில். மிஷின் பழுதும் அவள் தலையிலா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழுதுபார்க்கத் தெரிவது வேறு, அதை இலவசமாகச் செய்யக் கடமைப்படுவது வேறு. 'வீட்டுக்கு மிச்சம்' என்ற கணக்கில் இந்த அறிவையும் சேர்த்துவிட்டால் மறுபடி பெயரற்ற உழைப்புத்தான். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலகங்களைப் பாருங்கள். வரிசையாக அமர்ந்து தைப்பவர்களில் பெண்கள் ஏராளம். மிஷினைத் திறக்கும் மெக்கானிக் பெரும்பாலும் ஆண். மிஷின் நின்றால் அவர் வரும்வரை அவள் காத்திருக்கிறாள், மணிக்கு இத்தனை என்ற இலக்கோ காத்திருப்பதில்லை. கையிலுள்ள கருவியைத் திறக்க உரிமை இல்லாதபோது நேரமும் அவளுடையதாக இருப்பதில்லை.

ஆகவே கேட்க வேண்டியது இன்னொரு இலவச மிஷினை அல்ல. ரவிக்கை வெட்டக் கற்றுத்தரும் பயிற்சி மையங்கள், மிஷினைக் கழற்றி மாட்டவும் கற்றுத்தர வேண்டும்; அதற்குச் சான்றிதழும் தர வேண்டும். தெருவில் பழுதுபார்க்கும் பெண்ணுக்கு மெக்கானிக் என்ற பெயரும் மெக்கானிக்கின் கூலியும் கிடைக்க வேண்டும். அதுவரை, பரணிலோ மூலையிலோ கிடக்கும் பழைய மிஷினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதை இயங்கவைக்கத் தேவையான ஸ்க்ரூ டிரைவர், பெரும்பாலும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது.