இருளின் வல்லமை

குற்றம் புரிந்தவன் குமுறுவது கடவுளுக்கு அஞ்சியா, தன் செயலைக் கண்டு தானே கூசியா? இக்கேள்வியை எழுப்பும் நாடகம், 1886-இல் டால்ஸ்டாய் தீட்டிய ‘இருளின் வல்லமை’. 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பின்னரும் அறியாமை ஒழியாத உருசியச் சிற்றூரே அதன் களம்.

பண்ணையாள் நிகீத்தா, செல்வக் குடியானவன் பியோத்தரின் மனைவி அனீஸ்யாவோடு கள்ள உறவு கொள்கிறான். நிகீத்தாவின் தாய் மத்ரியோனா நஞ்சு தருகிறாள். அனீஸ்யா அதை நோயுற்ற கணவனுக்கு ஊட்டுகிறாள். மனையும் பணமும் நிகீத்தாவுக்கு! பின்னர், மாண்டவனின் மூத்த தாரத்து மகள் அக்குலீனாவையும் கெடுக்கிறான். பிறந்த சிசுவை நிலவறையில் பலகையின்கீழ் நசுக்குகிறான்.

அவ்வீட்டில் பக்திக்கா பஞ்சம்? கொல்லப்போகும் சிசுவுக்கு ஞானஸ்நானம் வேண்டுமே என்று கவலுறுகிறார்கள்! சடங்கு தவறலாகாது, உயிர் போகலாம். நிகீத்தாவின் தந்தை ஆக்கீம் பக்தன், நேர்மையாளன், மெய்தான். ஆனால் அந்நேர்மை பக்தி தந்த பரிசென்றால், அதே சமயத்தில் வாழ்ந்த மத்ரியோனாவுக்கு அது ஏன் கிட்டவில்லை?

நிகீத்தாவை வீழ்த்தியது நரகபயமன்று. நொறுங்கிய எலும்பின் ஓசையும் சிசுவின் முனகலும் அவன் செவியை விட்டகலவில்லை. அக்குலீனாவின் மணநாளில், வாழ்த்த அழைக்கப்பட்டவன் ஊரார்முன் மண்டியிட்டுக் குற்றத்தை ஒப்புகிறான். ஆசிரியர் அதைக் கடவுளின் வெற்றியாகக் காட்டுகிறார். நாடகமோ மனித நெஞ்சின் வெற்றியாகவே நமக்குக் காட்டுகிறது.

எனினும் அவ்வெற்றி பாதியே. எல்லாம் தன் செயலே என்று அவன் ஏற்பதால், தூண்டிய தாய் மறைந்துவிடுகிறாள். அவளை உருவாக்கிய இருளும் மறைகிறது. அவ்விருளைச் சுட்டுபவன் முதிய கூலியாள் மீத்ரிச். எதையும் காணாமல், எதையும் கேளாமல், கற்பிப்பார் எவருமின்றிக் கோடிக்கணக்கான பெண்கள் பிறந்து மடிகிறார்களே என்று அவன் குமுறும் பேச்சே, என் கருத்தில், நாடகத்தின் உயிர்.

ஜார் ஆட்சி இதனை மேடையேற விடவில்லை. 1888-இல் பாரிஸ் நடித்தது; உருசிய மேடைக்கு 1895-இல்தான் வழி பிறந்தது.

கொலைநடந்த இரவில், நடுங்கியபடி மீத்ரிச்சிடம் அடைக்கலம் தேடினாள் அனீஸ்யாவின் மகள், சிறுமி அன்யூத்கா. நிகீத்தா ஒப்புதலால் தூயவனாகலாம். அவளுக்கு என்ன வழி? அவள் இன்னொரு மத்ரியோனா ஆகாதிருக்க வேண்டுமானால், தேவை பாவமன்னிப்பு அன்று, பள்ளிக்கூடம்.