நுண்விவரமும் யதார்த்தமும்: ஒரு வீடியோ விளையாட்டின் உலகம் பற்றி

வீடியோ விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கு எனக் கூறி ஒதுக்கிவிடும் மனோபாவம் எம்மிடையே இன்னும் நிலவுகின்றது. திரைப்படமும் ஒரு காலத்தில் இவ்வாறே ஒதுக்கப்பட்டது. ஆயின் கோடிக்கணக்கான மக்களின் ஓய்வு நேரத்தையும் கற்பனையையும் ஆட்கொண்டுவிட்ட ஒரு கலை வடிவத்தை இலக்கியத் திறனாய்வு புறக்கணித்தல் தகாது. இவ்வடிவம் பற்றிய பாராட்டுரைகளில் அடிக்கடி கையாளப்படும் அளவுகோல் ஒன்றுண்டு. விளையாட்டின் உலகம் எவ்வளவு நுணுக்கமானது, எவ்வளவு உயிர்ப்புள்ளது என்பதே அதுவாகும். அவ்வளவுகோலையே ஈண்டு பரிசீலிக்க முனைகின்றோம்.

2018 ஒக்டோபரில் றொக்ஸ்ரார் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘றெட் டெட் றிடெம்ப்ஷன் 2’ இதற்குத் தக்க உதாரணமாகும். கதை 1899இல், அமெரிக்காவின் எல்லைப்புற வாழ்வு மறைந்து பெருமூலதனம் ஆட்சி செலுத்தத் தொடங்கிய காலத்தில் நிகழ்கின்றது. பனியில் நடந்தால் தடம் பதிகின்றது. சேற்றில் விழுந்தால் ஆடையிற் கறை படிகின்றது. கதாநாயகன் ஆதர் மோர்கனின் தாடி நாளுக்கு நாள் வளர்கின்றது. வேட்டையாடிய விலங்கின் உடல் நாட்செல்ல அழுகுகின்றது. இவற்றைக் கண்டு வியக்காதார் இல்லை.

ஆனால் இந்நுணுக்கம் யதார்த்தமாகிவிடுமா? விவரங்களின் உண்மை மட்டும் யதார்த்தவாதம் ஆகாது, வகைமாதிரியான சூழ்நிலைகளில் வகைமாதிரியான பாத்திரங்கள் உண்மையாகப் படைக்கப்படல் வேண்டும் என்ற கருத்தை 1888இல் மார்கிரட் ஹார்க்னசுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ் முன்வைத்தார். 1936இல் லூக்காச் இதனை மேலும் வளர்த்தார். ஸோலாவின் ‘நானா’விலும் தோல்ஸ்தோயின் ‘அன்னா கரேனினா’விலும் குதிரைப் பந்தயம் வருகின்றது. முன்னதில் அது துல்லியமான வருணனையாக நின்றுவிட, பின்னதில் மாந்தரின் விதியோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்துள்ளது என அவர் காட்டினார்.

எமது விளையாட்டில் இவ்விரு போக்குகளையும் ஒருங்கே காண்கின்றோம். வளரும் தாடியும் அழுகும் விலங்கும் ஸோலாவின் வழிப்பட்டவை. ஆதரின் இருமலோ அத்தகையதன்று. கொள்ளைக் கூட்டத்தின் வட்டிக்கடனை அறவிடச் சென்ற ஆதர், நோயுற்ற ஏழை விவசாயி ஒருவனை அடிக்கின்றான். அவனிடமிருந்து காசநோய் ஆதரைத் தொற்றுகின்றது. அதன்பின் அவனது மெலிவும் வெளிறலும் வெறும் உடல் விவரங்களல்ல; ஒரு கடன் உறவின் வரலாறு அவ்வுடலில் எழுதப்படுகின்றது. அவ்வடியை நாவல் வாசகன் பார்த்திருப்பான். இங்கோ விளையாடுபவன் தன் கையாலேயே அடிக்கின்றான். இவ்வடிவத்துக்கே உரிய ஆற்றல் இதுவாகும்.

எனினும் இவ்வாற்றல் முழுமையடையவில்லை. அதே உலகில் அன்ஸ்பேர்க் என்னும் நிலக்கரிச் சுரங்க நகரம் உண்டு. புகையும் தூசும் வியத்தகு துல்லியத்துடன் காட்டப்படுகின்றன. சுரங்கத் தொழிலாளருக்கோ கதையின் மையத்தில் இடமில்லை. மூலதனம், கோர்ன்வால் என்ற ஒரு கொடிய செல்வனின் உருவிற் சுருங்கிவிடுகின்றது. உழைப்போர் காட்சிப் பொருளாகின்றனர்.

இக்குறைபாடு தற்செயலானதன்று. இவ்வுலகம் தானே ஒரு பண்டம். முதல் மூன்று நாட்களில் 725 மில்லியன் டொலருக்கு விற்பனையான பண்டம். ஐந்து இலட்சம் உரையாடல் வரிகளும் மூன்று இலட்சம் அசைவூட்டங்களும் இதில் அடங்கும் எனக் கூறப்பட்டது. அவ்வாண்டிலே பல தடவைகள் வாரத்துக்கு 100 மணி நேரம் உழைத்ததாக நிறுவனத்தின் இணை நிறுவுநர் டான் ஹவுசர் பேட்டியொன்றிற் கூறியமை கண்டனத்துக்குள்ளாகியது. மூத்த எழுத்தாளர் நால்வரின் மூன்று வார உழைப்பையே அது குறித்தது எனப் பின்னர் அவர் விளக்கினார். ஆயினும் மேலதிக வேலையின் சுமை பற்றி ஊழியர் பலர் அதன்பின் பேசலாயினர். பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்து நிற்கின்றது என்பார் மார்க்ஸ். மெய்ம்மறந்து ஓர் உலகில் ஆழ்தல் என்பது அம்மறைப்பின் உச்சநிலை எனலாம்.

மாற்று வழி இல்லாமலில்லை. எஸ்தோனியாவில் உருவான ‘டிஸ்கோ எலிசியம்’ 2019இல் வெளிவந்தது. அதன் களம் ஒரு துறைமுகப் பகுதி மட்டுமே. ஆயின் தோற்கடிக்கப்பட்ட புரட்சியின் இடிபாடுகளும், கப்பல்துறைத் தொழிலாளரின் வேலைநிறுத்தமும் அங்கு பின்னணியல்ல, கதையே அவைதாம். பரப்பிற் சிறிய இவ்வுலகம் சமூக உண்மையிற் பெரியது. ஆயினும் அதன் முதன்மைப் படைப்பாளர் சிலர் அந்நிறுவனத்தை விட்டு நீங்கிவிட்டமை 2022இல் தெரியவந்தது. முற்போக்கான உள்ளடக்கம் மட்டும் உற்பத்தி உறவுகளை மாற்றிவிடாது என்பதற்கு இது சான்று.

இவ்வுலகங்களில் மீண்டும் மீண்டும் நடந்து பிழை தேடுவோர் பரிசோதனைத் தொழிலாளர். பிசிறற்ற மாயை அவர்தம் உழைப்பின் விளைவு. மைக்ரோசொஃப்ற்றுக்குச் சொந்தமான ஸெனிமாக்ஸ் நிறுவனத்தில் இத்தகைய சுமார் 300 பேர் 2023 ஜனவரியில் தொழிற்சங்கம் அமைத்தனர். ஓர் உலகம் எவ்வளவு நுணுக்கமானது எனக் கேட்கும் திறனாய்வு, அந்நுணுக்கம் எதனைப் புலப்படுத்துகின்றது, எவரது உழைப்பை மறைக்கின்றது என்ற வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும்.